என் பிளாஸ்க்கை வாசலில் வாங்கி வைத்த சங்க நிர்வாகத்துக்கு

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், நம் சங்கத்து ஸ்னூக்கர் கூடத்தின் வாசலில் என் டீ பிளாஸ்க்கை வாங்கி வெளியே பெஞ்சில் வைத்துவிட்டார்கள். வைத்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கவுன்டரைக் குத்தகைக்கு எடுத்தவர் வேலைக்கு வைத்திருக்கும் பையன், சொன்னதைச் செய்தான். ஏன் என்று கேட்டதற்குச் சுவரைக் காட்டினான். உங்கள் மூவர் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து, டேபிள் எடுப்பவர்கள் மணிக்குக் குறைந்தது இரண்டு பானம் கவுன்டரில் வாங்க வேண்டும். டீ, தண்ணீர் எதுவும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கூடத்துக்குள் அனுமதி இல்லை.

பானம் என்று நாசூக்காக எழுதியிருக்கிறீர்கள். கவுன்டரில் இருப்பது பீர், விஸ்கி, ரம். நான் சோடா கேட்டேன். விஸ்கி வாங்கினால்தான் சோடா என்றான்.

இதைத் தனியாக வந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். சித்திரையில் பர்மா புத்தாண்டான திஞ்சான் முடிந்து கவுன்டர் வந்தபோதே வந்து சொன்னேன். "பார்க்கலாம் அண்ணே" என்றார் செயலாளர். பார்த்ததன் பலன்தான் இந்த அறிவிப்பு. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்காதவன் அல்ல. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நாலு பேராக பீர் கடைக்குப் போய் இரண்டு கிளாஸ் குடித்து, வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, தோற்றவனைக் கிண்டல் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள்தான் நான். என் மனைவிக்கும் தெரியும், முருகனுக்கும் தெரியும். குடிக்கிறவனை இங்கே யாரும் திட்டவில்லை. விளையாட வந்தவன் குடித்தே ஆக வேண்டும் என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

நான் இந்தக் கூடத்துக்கு முதலில் வந்தது 1984-இல், அப்பாவோடு. அப்போது எனக்கு வயது பதினாறு. அப்பாவுக்கு ஆட வராது, பார்க்கப் பிடிக்கும். மூலையில் உட்கார்ந்து, பக்கத்து டீக்கடையிலிருந்து வரும் வெறும் தேயிலைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு, "வெள்ளைப் பந்து எங்கே நிக்கும்னு முதல்ல பாருடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ரங்கூன் டீக்கடைகளில் அந்தத் தண்ணீருக்குக் காசு கிடையாது. பிளாஸ்க்கில் ஊற்றி மேஜைக்கு மேஜை வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் நம் கூடத்துக்கும் வந்தது. ஒரு பிளாஸ்க், ஆறு சின்னக் கோப்பை, இரண்டு மணி நேர ஆட்டம். இன்றைய அறிவிப்பு அன்றைக்கு இருந்திருந்தால் அப்பா பிளாஸ்க்கோடு வெளியே நின்றிருப்பார், நான் வயது போதாமல் அவர் பக்கத்தில் நின்றிருப்பேன்.

வயது என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பரில் ஐபிஎஸ்எஃப் என்ற சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு நடத்தும் உலக பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் போட்டிகள் நம் ஊரிலேயே நடந்தன. இந்தியாவின் பங்கஜ் அத்வானி வந்து பில்லியர்ட்ஸ் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். ஸ்னூக்கரில் ஜெயித்தது சாங் பிங்யூ என்ற சீனத்துப் பையன். அவனுக்கு அப்போது பதினாறு வயது. யாங்கோனில் உலகப் பட்டம் ஜெயித்த அந்த வயதில் ஒருவன் இன்று வந்தால் நம் சங்கத்துக் கூடத்தின் வாசலைத் தாண்ட முடியாது. மாடியில் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் நாலைந்து பேர் வகுப்பு முடிந்ததும் இறங்கி வந்து ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு சுற்று, ஆடிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை, கை எட்டாதபோது ஆட்டக் கோலைத் தாங்கும் ரெஸ்ட் வைத்து ஆடுவதை என்னைவிட நன்றாகச் செய்யும். ஆட்டத்துக்காகவே வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு, அது எனக்குத் தெரியும், ஆசிரியைக்கும் தெரியும். இப்போது அவர்கள் இறங்கி வரும் படிக்கட்டின் அடியில் காலி பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

சட்டப்படி சாராயம் விற்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று பொருளாளர் சொன்னாராம். சரிதான். அப்படியானால் வெளியே போக வேண்டியது எது? பிள்ளைகள் நாற்பது வருஷமாக அங்கே வந்து போகிறார்கள். கவுன்டர் வந்து நாலு மாதம்.

அப்புறம், குடித்துக்கொண்டே ஆடினால் ஆட்டம் என்ன ஆகும் என்பது. உங்கள் குழுவில் பாதிப் பேர் க்யூவை, அதாவது ஆட்டக் கோலை, தொட்டதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கை நடுங்கும், பந்து இரண்டாகத் தெரியும் என்று ஆடாதவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் கடைசியில் வருவது. முதல் கிளாஸில் கை இளகும், ஆட்டம் நன்றாக இருப்பதுபோலக்கூட இருக்கும். இரண்டாவது கிளாஸில் போவது சேஃப்டி. ஒதுக்கி ஆடலாம், எதிராளியைக் கஷ்டப்படுத்தலாம் என்ற பொறுமை முதலில் கழன்றுவிடும். எந்தப் பந்தைப் பார்த்தாலும் குழிக்குள் தள்ளி பாட் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

எனக்கே நடந்தது. சங்கத்துப் போட்டியின் இறுதி ஆட்டம், ஆளுக்கு இரண்டு ஃப்ரேம், ஐந்தாவது ஓடுகிறது. மேஜையில் ஆறு பாயின்ட் பிங்க் பந்தும் ஏழு பாயின்ட் பிளாக் பந்தும் மட்டும். நான் ஒன்பது பாயின்ட் முன்னால். எதிரே பாய். மகாபந்தூலா சாலையில் கடை வைத்திருந்த தமிழ் பேசும் நம் சூலியா முஸ்லிம் பாய், அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். பிங்க் ஓரத்துக் குஷனை ஒட்டிக் கிடந்தது. ஒயிட்டை மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு யாரோ வெளியே கூட்டிப் போய் இரண்டு கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மேஜை நீளத்துக்கு பாட் அடித்தேன். பிங்க் பாக்கெட்டின் வாயில் போய் ஒரு ஆட்டு ஆட்டி நின்றது. பாய் தன் கோப்பையில் இருந்த தேயிலைத் தண்ணீரைக் குடித்து முடித்தார், எழுந்தார், பிங்க்கைத் தள்ளினார், பிளாக்கையும் தள்ளினார். நாலு பாயின்ட்டில் தோற்றேன். கைகொடுத்துவிட்டு, "ஒன்பது இருந்துச்சே தம்பி, எதுக்கு அவசரம்" என்றார். இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த பாயும் அவர் கூட்டாளிகளும் குடிக்க மாட்டார்கள், அது அவர்கள் மார்க்கம். நம் கூடத்தில் இன்றைக்கும் ஒழுங்காக ஒரே மூச்சில் ஐம்பது பாயின்ட் பிரேக் போடக்கூடியவர்கள் என்று எண்ணினால் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அவர்கள். ஒன்றாம் தேதிக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. சண்டை போடவில்லை, கடிதம் எழுதவில்லை, க்யூவைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாலை போட்டு விரதத்தில் இருக்கும் நம் ஆட்களும் அப்படித்தான். அதோடு இது பர்மா நாட்காட்டியில் வாசோ மாதம். வாசோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்சு பௌர்ணமி வரைக்கும், பௌத்த விரத காலமான மூன்று மாதம், பர்மாக்காரர்களிலேயே பலர் குடியை நிறுத்தி வைக்கிறார்கள். ஊரே கிளாஸைக் கவிழ்த்து வைக்கும் மாதம் பார்த்து நம் சங்கம் மணிக்கு இரண்டு என்று கட்டாயம் போடுகிறது.

"உலக சாம்பியன்களே குடித்துக்கொண்டுதானே ஆடினார்கள்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆடினார்கள். கனடாக்காரர் பில் வெர்பெனியுக் பீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு ஆடியவர்தான். ஏன் குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குக் கையில் நடுக்கம் இருந்தது, அதை அடக்கக் குடித்தார். குடித்துக் குடித்து இதயத்துக்குச் சிரமம் வந்து அதற்கும் மாத்திரை சாப்பிட்டார். அந்த மாத்திரையை விளையாட்டில் தடைசெய்தார்கள், அவர் ஆட்டமும் முடிந்தது. ஒரு காலத்தில் உலகத் தர வரிசையில் எட்டாவது இடம். 2003-இல் ஐம்பத்தாறு வயதில் போய்விட்டார். அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 1972-இலும் 1982-இலும் உலகப் பட்டம் வாங்கினார். அவர் குடியும் புகையும் ஊர் அறிந்தவை. தொண்டைப் புற்றுநோய் வந்து உடம்பு உருக்குலைந்து 2010-இல் இறந்தார். இந்த இரண்டு பேரையும் உதாரணம் காட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட முடியுமா? இன்றைக்கு டிவியில் பாருங்கள், வீரர்கள் பக்கத்தில் இருப்பது தண்ணீர்.

இன்னொருவர், ஸ்னூக்கரே சாராயத்தில் பிறந்த ஆட்டம்தானே என்றார். அதுவும் உண்மைதான். 1875-இல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்தது. 1882-இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். கிளாஸ் கையில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இதே ரங்கூனில் பெகு கிளப் இருந்தது. அதன் பேரில் ஜின்னும் எலுமிச்சையும் கலந்த ஒரு காக்டெயில்கூட உலகம் முழுக்க உண்டு. அந்த கிளப்பில் பர்மாக்காரனையோ இந்தியனையோ உறுப்பினராகச் சேர்த்ததில்லை. நம் தாத்தாமார் யாராவது உள்ளே போயிருந்தால் தட்டு ஏந்திக்கொண்டுதான் போயிருப்பார்கள். அந்த மாதிரிக் கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போட்டு ஆரம்பித்தது நம் சங்கம். கிளாஸ் இல்லாதவன் வெளியே நிற்கட்டும் என்கிற வழக்கத்தை அங்கிருந்து இங்கே கொண்டுவராதீர்கள்.

மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டடிக்கு ஆறடி, கீழே ஸ்லேட் கல், மொத்தம் ஒரு டன்னுக்கு மேல் கனம். அதன் மேல் இழுத்துக் கட்டியிருப்பது கம்பளித் துணி. அதற்கு ரோமம் உண்டு, ரோமத்துக்குத் திசை உண்டு. மேஜைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் தம்பி தினமும், ஆட்டம் தொடங்கும் பால்க் பக்கமிருந்து பிளாக் பக்கமாக ஒரே திசையில் பிரஷ் போட்டு, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து இஸ்திரி போடுவான். ஐந்து மாத மழையில் துணி ஈரம் குடித்துப் பந்து மந்தமாக ஓடும், அதோடு அவன் போராடுவது ஒரு தனி வேலை. போன மாதம் இரண்டாவது மேஜையில் பிளாக் புள்ளிக்குக் கொஞ்சம் இடப்பக்கத்தில் யாரோ பீரைக் கொட்டிவிட்டார்கள். கொட்டியவர் கைக்குட்டையால் தேய்த்திருக்கிறார். தேய்த்த இடம் காய்ந்து, சின்னத் தட்டு அளவுக்குக் கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக் கிடக்கிறது. மெதுவாக வரும் ஒயிட் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி அரை அங்குலம் சாய்கிறது. நம்பாவிட்டால் வந்து உருட்டிப் பாருங்கள். மரச் சட்டத்தில் கிளாஸ் வைத்த வட்டங்களை நான் எண்ணினேன். பதினேழு. நாலு மாதத்தில் பதினேழு. புதுத் துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இன்றைய டாலர் விலையில் அதற்கு என்ன ஆகும் என்று பொருளாளருக்குத் தெரியும். குத்தகைக்காரர் அதற்குக் காசு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

ராத்திரி வீட்டுக்குப் போவதையும் யோசித்தீர்களா தெரியவில்லை. நம் ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது என்பதால் அந்த ஆபத்து இல்லை, சரி. ஆனால் டாக்சிக்குக் கொடுக்க எல்லாரிடமும் காசு இல்லை, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் சைக்காக்காரரும் அந்த நேரத்தில் கிடைப்பதில்லை. நடக்க வேண்டும். கரண்ட் போன தெரு, மழை, நடைபாதைப் பலகைக் கல் பெயர்ந்து வாயைத் திறந்து கிடக்கும் சாக்கடை. மூன்று வாரம் முன்பு நம் உறுப்பினர் ஒருவர் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். க்யூவைத் தாங்குகிற கை. அவர் பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவர் பொதுவாக ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவர். ஜெயித்தவர் வாங்க வேண்டும், தோற்றவர் வாங்க வேண்டும் என்று கவுன்டர் பக்கத்திலேயே நிற்கும்போது நிறுத்துவது கஷ்டம் என்று அவரே என்னிடம் சொன்னார்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கரண்ட் முறை வைத்து வருகிறது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டும், டேபிள் காசு அதற்கே போதவில்லை. மூன்று மேஜைக்கு மேல் தொங்கும் விளக்குகளும் நாலு மின்விசிறியும் ஓட என்ன செலவாகும் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குத்தகைப் பணம் மாதம் பிறந்தால் கைக்கு வந்துவிடுகிறது, உங்களுக்கு நிம்மதி. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பழைய உறுப்பினர்கள் பதினொரு பேரிடம் பேசினேன். டேபிள் காசை மணிக்கு ஒன்றரை மடங்காக ஏற்றினாலும் கொடுக்கிறோம் என்று பதினொரு பேரும் சொன்னார்கள். இரண்டு பாட்டிலுக்குக் கொடுப்பதைவிட அது குறைவு. அந்தக் காசு முழுக்கச் சங்கத்துக்கே வரும், நடுவில் குத்தகைக்காரர் இல்லை.

இனி எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். மணிக்கு இரண்டு பானம் என்ற விதியை உடனே எடுக்க வேண்டும், இந்த மாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டீயும் தண்ணீரும் முன்போலக் கூடத்துக்குள் வர வேண்டும். கவுன்டரைக் கூடத்திலிருந்து எடுத்து, வாசலுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் ஸ்டோர் அறைக்கு மாற்றுங்கள். குடிக்க விரும்புகிறவர்கள் ஆட்டம் முடிந்து அங்கே உட்கார்ந்து குடிக்கட்டும், நானும் வருவேன். கிளாஸோ பாட்டிலோ, டீக் கோப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மேஜைச் சட்டத்தின் மேல் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். சுவரோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தால் போதும், அதற்கு ஆகும் செலவை நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கவுன்டர் எந்த அறையில் இருந்தாலும் பூட்டியிருக்க வேண்டும், அந்த நாலு மணி நேரம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு. படிக்கட்டின் அடியில் இருக்கும் பெட்டிகளை நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

குத்தகை ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் பார்க்கும்படி பலகையில் ஒட்ட வேண்டும்: எவ்வளவு காலத்துக்கு, மாதம் எவ்வளவு, கறைக்கு யார் பொறுப்பு. இரண்டாவது மேஜைத் துணிக்கு ஆகும் செலவைக் குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். டேபிள் காசை ஏற்றுவது பற்றிப் பொதுக்குழுவைக் கூட்டிப் பேசுங்கள், தடிஞ்சுக்கு முன்னால். கூட்டவில்லை என்றால் சங்க விதிப்படி உறுப்பினர்களே கையெழுத்துப் போட்டுக் கூட்டலாம். பதினொரு கையெழுத்து இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, மீதியை வாங்குவது கஷ்டம் இல்லை.

கடைசியாக ஒன்று. தலைவர் தன் கையால் ஒரு கடிதம் எழுதி, செயலாளரே மகாபந்தூலா சாலைக்குப் போய், பாய் வீட்டில் கொடுத்து, அவரையும் அவர் கூட்டாளிகளையும் திரும்ப வரச் சொல்ல வேண்டும். என்னைத் துணைக்குக் கூப்பிட்டால் வருகிறேன். பாயின் க்யூ நிற்கும் இடம் சுவர் ஸ்டாண்டில் இடமிருந்து நாலாவது. அங்கே வேறு யார் க்யூவையும் வைக்க வேண்டாம் என்று மார்க்கர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
1984 முதல் கூடத்துக்கு வந்துபோகும் ஓர் உறுப்பினர்,
யாங்கோன்